பிடித்தால்தான் வளரும்: ஒரு குளத்தின் எடைக்கணக்கு

1932 ஜூன் 2 அன்று, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள மாண்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி என்ற இளம் விவசாயி 22 பவுண்டு 4 அவுன்ஸ் எடையுள்ள பெருவாய் பாஸ் மீனொன்றைப் பிடித்தார். உலகச் சாதனையாக இன்றும் நிற்கும் அம்மீனை அவருடைய வீட்டார் சமைத்து உண்டுவிட்டனர். பெருமந்தக் காலம் அது. மீன் என்பது அன்று முதலில் உணவு. பெருமையெல்லாம் அதற்குப் பிறகுதான். 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா என்பவர் இச்சாதனையைச் சமன் செய்தார். இவ்விரண்டு மீன்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், தனியார் குளங்களில் பாஸ் வளர்ப்பது ஓர் அறிவியலாகவே உருப்பெற்றது. அதன் வரலாறு, நமக்கு மிக இயல்பாகத் தோன்றும் ஓர் எண்ணத்தைக் கேள்விக்குள்ளாக்குவது.

மீன் பெருக வேண்டுமானால் குஞ்சுகளை நிறைய விட வேண்டும், பிடிப்பதைக் குறைக்க வேண்டும் என்பதே அந்த எண்ணம். அன்றைய அமெரிக்க மீன்வளத் துறையினரும் பெரிதும் அவ்வாறே நம்பினர். குளத்தில் மீனில்லை என்று விவசாயி முறையிட்டால், பொரிப்பகத்திலிருந்து மேலும் குஞ்சுகள் வந்து சேரும்.

இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தவர் ஹோமர் ஸ்காட் ஸ்விங்கிள். இன்று ஆபர்ன் பல்கலைக்கழகம் எனப்படும் அலபாமா பாலிடெக்னிக் நிறுவனத்தில் 1929இல் பூச்சியியலாளராகச் சேர்ந்தவர் அவர். தாவரவியலாளர் ஈ. வி. ஸ்மித்துடன் இணைந்து அவர் கையாண்ட வழி எளியது, ஆனால் கடும் உழைப்பைக் கோருவது. குளத்து நீர் முழுவதையும் வடித்துவிட்டு, அடியில் கிடக்கும் மீன்கள் அனைத்தையும் இனவாரியாகவும் அளவுவாரியாகவும் பிரித்து எடை போடுவதே அது. குஞ்சுகளைப் பத்து மடங்கு கூட்டி விட்டாலும் குளம் தாங்கும் மொத்த எடை ஏறக்குறைய மாறுவதில்லை. ஒவ்வொரு மீனும் சிறுத்துப் போகிறது, அவ்வளவுதான். குளம் ஒரு பானை போன்றது. அதில் வேகும் சோறு ஒரே அளவுதான். பந்தியில் அமர்வோர் எண்ணிக்கைதான் மாறுகிறது.

பாஸுக்கு இரையாக அவர்கள் தேர்ந்தது புளூகில் என்னும் தட்டையான சிறுமீன். அது ஓராண்டிலேயே முதிர்ந்து, ஒரே கோடையில் பலமுறை முட்டையிடும். உண்பதற்கு ஆளில்லையேல் குளம் முழுதும் விரலளவுப் புளூகில்களால் நிறைந்துவிடும். பாஸ் போதிய அளவில் இருந்தால் குஞ்சுகள் குறைந்து, எஞ்சியவை கைக்கடங்காத அளவுக்குப் பருக்கும். உரமிட்டால் நீரில் நுண்பாசி பெருகி, குளம் தாங்கும் எடை மூன்று நான்கு மடங்காகும். இந்த ஆய்வுகளின் சாரத்தை ஸ்விங்கிள் 1950இல் ஓர் அறிக்கையாக வெளியிட்டார். சமநிலையுள்ள குளத்தில் இரைமீன்களின் மொத்த எடை, அவற்றை உண்ணும் மீன்களின் எடையைப்போல் 3 முதல் 6 மடங்கு வரை இருப்பது விரும்பத்தக்கது என்றார்.

சமநிலை என்று அவர் சொன்னதை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். இயற்கையின் அமைதியை அச்சொல் சுட்டவில்லை. ஆண்டுதோறும் உண்ணத்தக்க அளவுள்ள மீனைத் தொடர்ந்து தருகின்ற நிலை என்பதே அதன் பொருள். பருத்தியால் மண் அரித்துப் போயிருந்த தென்மாநிலங்களில், 1935இல் மண்வளப் பாதுகாப்புப் பணித்துறை உருவான பிறகு, பண்ணைக் குளங்கள் பெருகின. அக்குளங்களிலிருந்து உழவர் குடும்பத்தின் தட்டுக்கு மீன் வரவேண்டும் என்பதே அன்றைய நோக்கம்.

நோக்கம் மாறியபோது கணக்கும் தடுமாறியது. 1968இல் ரே ஸ்காட் அலபாமாவில் பாஸ் தூண்டிலாளர் சங்கத்தை நிறுவினார்; 1972 முதல் அவரது போட்டிகளில், பிடித்த மீனை உயிருடன் விட்டுவிடும் பழக்கம் ஊக்குவிக்கப்பட்டது. பொது ஏரிகளுக்கு அது நன்மை பயத்தது. ஆனால் அதே கருணை சிறு குளங்களுக்கு வந்தபோது விளைவு வேறாயிற்று. எவரும் பிடித்துண்ணாத பாஸ்கள் நெருங்கிப் பெருகி, இரையை ஒட்ட ஒட்டத் தின்று தீர்த்து, பெரிய தலையும் ஒட்டிய வயிறுமாக ஓரடி நீளத்திலேயே நின்றுவிட்டன. ஒரு பவுண்டு கூடுவதற்கு ஒரு பாஸ் ஏறத்தாழ பத்து பவுண்டு இரை உண்ண வேண்டும் என்பது குளம் பேணுவோர் வழங்கும் கணக்கு.

ஆகவே பெரிய பாஸ் வேண்டுவோரிடம் வல்லுநர்கள் இன்று கூறும் முதல் அறிவுரை, சிறிய பாஸ்களை ஆண்டுதோறும் பிடித்து அகற்றுங்கள் என்பதுதான். பெரிய புளூகில் வேண்டுவோருக்கோ இதற்கு நேர்மாறான அறிவுரை: பாஸ்களை நெருக்கமாகவே இருக்க விடுங்கள். சிறு குளமொன்றில் இரண்டையும் உச்சத்தில் வைத்திருப்பது அரிது. எதை இழக்கச் சம்மதம் என்று உரிமையாளர்தான் முடிவு செய்தாக வேண்டும்.

கொல்லாமை எல்லா இடத்திலும் கருணை ஆகிவிடுவதில்லை என்பதை இக்குளங்கள் நமக்கு உணர்த்துகின்றன. வேலியிட்ட நீரில் பசியைப் பங்கிடும் பொறுப்பை மனிதன் ஒருமுறை ஏற்றுக்கொண்டுவிட்டால், பிறகு ஒதுங்கி நிற்பதும் ஒரு செயலே ஆகிவிடுகிறது. அதன் விலையை மெலிந்த மீன்கள் செலுத்துகின்றன. பெர்ரியின் வீட்டார் தம் மீனை உண்டதை ஓர் இழப்பாகக் கருதுவோர் உண்டு. ஸ்விங்கிளின் எடைக்கணக்கைப் படித்தபின் நமக்கு அவ்வாறு தோன்றவில்லை.