பணிவு என்னும் சான்று: 1941 கிள்ளான் வேலைநிறுத்தமும் தோட்ட நிர்வாகிகளின் கணிப்புப் பிழையும்

நிர்வாகி எல்லாத் தகவல்களையும் திரட்டி, எல்லா வழிகளையும் ஒப்புநோக்கி, மிகச் சிறந்ததைத் தெரிவு செய்கிறார் என்னும் கருத்தை ஹெர்பர்ட் சைமன் 1947-இல் வெளிவந்த தம் நூலில் மறுத்தார். மனிதரின் அறிவும் நேரமும் வரம்புக்கு உட்பட்டவை. ஆகவே போதுமானது என்று தோன்றும் முடிவோடு நிர்வாகி நின்றுவிடுகிறார் என்பது அவர் வாதம். 1974-இல் ஏமஸ் டுவர்ஸ்கியும் டேனியல் கானமனும் இத்தகைய மனக்குறுக்குவழிகள் சிலவற்றை இனங்கண்டு எழுதினர். எளிதில் நினைவுக்கு வருவதையே அடிக்கடி நிகழ்வதாகக் கொள்ளுதல், ஒருவரை அவர் சார்ந்த வகையின் மாதிரி உருவோடு ஒப்பிட்டே மதிப்பிடுதல், முதலில் அறிந்த எண்ணைவிட்டு வெகுதூரம் விலக இயலாமை ஆகியன அவை. இக்குறுக்குவழிகள் பெரும்பாலும் பயன் தருபவையே. சில சூழல்களில் மட்டும் அவை ஒரே பக்கமாகச் சாய்ந்த பிழைகளுக்கு இட்டுச் செல்கின்றன.

மேலாண்மைப் பாடநூல்கள் இவற்றை விளக்க அமெரிக்க நிறுவனங்களையே பெரிதும் நாடுகின்றன. மலாயாத் தோட்ட வரலாற்றிலேயே தக்கதோர் எடுத்துக்காட்டு இருப்பதைச் சுட்டுவது இக்கட்டுரையின் நோக்கம்.

1941-ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் அலை அலையாக வேலைநிறுத்தம் செய்தனர். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும் அதன் தலைவர் ஆர். எச். நாதனும் இதில் முன்னின்றனர். தோட்டத் துரைமார் இதனை எதிர்பார்க்கவில்லை. தமிழ்த் தொழிலாளி பணிவானவர், குறைந்த கூலிக்கு இசைபவர், தாமாக ஒன்றுசேரும் இயல்பற்றவர் என்பது அவர்களிடையே பல்லாண்டு நிலவிய எண்ணம். தென்னிந்தியத் தொழிலாளரைத் தோட்டங்கள் விரும்பியதற்கே இவ்வெண்ணம் ஒரு காரணம். அன்றாடம் தொழிலாளரோடு பழகியவர்கள் எப்படி இவ்வளவு தவறாகக் கணித்தனர் என்பதே நம்முன் உள்ள வினா.

வேலைநிறுத்தக்காரர்கள் முன்வைத்த கோரிக்கைகளிலேயே விடையின் ஒரு பகுதி இருக்கிறது. ஒரே வேலைக்குச் சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, நல்ல மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், தோட்டத்திற்குள் உற்றார் உறவினர் தடையின்றி வந்துபோகும் உரிமை ஆகியவற்றோடு, வெள்ளைத் துரையோ தோட்ட அலுவலரோ எதிர்ப்படும்போது மிதிவண்டியைவிட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் அப்பட்டியலில் இடம்பெற்றது. விரிவுரையில் இதைச் சொல்லும்போது மாணவர் சிலர் சிரிப்பதுண்டு; கூலி உயர்வுக்கு அருகே மிதிவண்டி எப்படி வந்தது என்று கேட்பர். ஆனால் நிர்வாகியின் பக்கமிருந்து இதனை நோக்குதல் வேண்டும். நாள்தோறும் அவர் தோட்டத்துச் சாலையில் செல்கிறார். எதிரே வருவோர் இறங்கி நிற்கின்றனர். விடியற்காலைப் பெரட்டிலும் அதே காட்சி. தொழிலாளியின் இயல்பு யாது என்று எண்ணும்போது அவர் நினைவில் முதலில் எழுவது இக்காட்சியே. இறங்கி நின்றது இயல்பினால் அன்று, விதியினால் என்பது அவர் நினைவில் பதிவதில்லை. தாமே விதித்த ஒழுங்கின் விளைவையே அவர் சான்றாகக் கொண்டார்.

கங்காணி முறையும் இப்பிழைக்குத் துணைசெய்தது. வேலைக்கு வரும் ஆட்களின் எண்ணிக்கைக்கேற்பத் தலைக்காசு பெற்ற கங்காணிக்கு, தம் ஆட்களின் மனக்குறையைத் துரையிடம் கொண்டுசெல்வதில் ஆதாயமில்லை. எனவே குறைகள் பெரும்பாலும் லயத்தைத் தாண்டவில்லை. மேலும், 1930-க்குப் பிந்தைய பொருளாதாரச் சரிவில் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். மீந்தவரைக் கொண்டே ஒட்டுமொத்தக் கூட்டத்தின் மனநிலை மதிப்பிடப்பட்டது. 1938-இல் இந்திய அரசு உதவிபெறும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தபின் புதிய ஆட்களைத் தருவிக்கும் வழி அடைபட்டது. தொழிலாளரின் பேரம் பேசும் வலிமை கூடியது. சூழல் மாறியது, மாதிரி உருவோ மாறவில்லை.

1937-இல் பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்திலும் சிலாங்கூர், நெகிரி செம்பிலான் தோட்டங்களிலும் சீனத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்திருந்தனர். அது சீனரின் இயல்பு என்று வகைப்படுத்தப்பட்டது. அண்டைத் தோட்டத்துத் தமிழரும் அதனைப் பார்த்துக்கொண்டிருந்தனர் என்பது கணக்கில் வரவில்லை. கூலியிலும் இவ்வாறே. ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்னும் பழைய அளவு நங்கூரமாக நின்றது. 1937-இல் சீனிவாச சாஸ்திரியின் அறிக்கையும் அதற்கு மீள்வதையே பரிந்துரைத்தது. போர்க்காலத்தில் ரப்பருக்கான தேவை பெருகியபோதும் பேச்சு அந்த எண்ணைச் சுற்றியே நிகழ்ந்தது.

வேலைநிறுத்தம் தொடங்கியபின்னும் பழைய எண்ணம் கைவிடப்படவில்லை. பணிவானவர்கள் கிளர்ந்தெழுகின்றனர் எனின், வெளியாள் ஒருவர் தூண்டியிருக்க வேண்டும் என்று கொள்ளப்பட்டது. 1941 மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். நிர்வாகத்தின் கருதுகோள் சரியாக இருந்திருப்பின் கிளர்ச்சி அத்தோடு அடங்கியிருக்கும். மாறாக, அவரை விடுவிக்கக் கோரி அது மேலும் பரவியது. சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டுப் படையினர் வரவழைக்கப்பட்டனர். தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

இங்கு ஒரு தடையை எழுப்பலாம். டுவர்ஸ்கி, கானமன் சோதனைகளில் பங்கேற்றோர்க்குத் தவறான விடையால் ஆதாயமில்லை; தோட்டத் துரைக்கு இருந்தது. பணிவானவர் என்று நம்பினால் குறைந்த கூலி நியாயமாகிவிடும். குடியேற்றவாதிகள் சுதேசி மக்களைச் சோம்பேறிகளாகச் சித்திரித்ததை 1977-இல் ஆராய்ந்த சையத் உசேன் அலத்தாஸ், அது ஆட்சி நலனுக்கான கருத்தியல் என்றே நிறுவினார். அவ்வாறாயின் இதனைச் சாய்வு என்பது சுரண்டலுக்குச் சாக்குச் சொல்வதாகாதா? இத்தடை வலுவானது. எனினும் வெறும் நலன் மட்டுமே இயக்கியிருந்தால், நிர்வாகிகள் வெளியே பணிவைப் புகழ்ந்துகொண்டே உள்ளே கிளர்ச்சியின் அறிகுறிகளைக் கூர்ந்து கவனித்திருப்பர். அவர்கள் திகைத்து நின்றதே, அவ்வெண்ணத்தை மெய்யாகவே நம்பினர் என்பதைக் காட்டுகிறது. அந்நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்காமல் தடுத்தது அவர்தம் நலன் என்று கொள்வதே பொருத்தமாகப் படுகிறது.

1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. அடுத்த சனவரியில் சிலாங்கூர் வீழ்ந்தது. கிள்ளான் பட்டறிவிலிருந்து துரைமார் எதையேனும் கற்றனரா என்பதைக் காணும் வாய்ப்பு, போருக்குப்பின் தோட்டத் தொழிற்சங்கங்கள் எழும்வரை கிட்டவில்லை.