இரவுக்கு வந்த கண்ணாடி

ஃபிளாஷ் போடக் கூடாது என்று மண்டபத்தில் சொல்லிவிட்டால் என் கை 50 எம்.எம். லென்ஸைத்தான் தேடும். ஜூம் பையிலேயே கிடக்கும். எஃப் 1.8 துளைக்குக் குத்துவிளக்கின் வெளிச்சமே போதும். அதை மாட்டும்போதெல்லாம் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் நினைவுக்கு வரும்.

எர்னமான் நிறுவனம் 1924இல் எர்மனாக்ஸ் கேமராவை அங்கிருந்துதான் கொண்டுவந்தது. அதன் எர்னோஸ்டார் லென்ஸ் லுட்விக் பெர்ட்டலே வடிவமைத்தது. துளை எஃப் 2, பின்னர் 1.8. எஃப் 4 லென்ஸைவிட எஃப் 2 நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். அதற்கு முன் அறைக்குள் படமெடுக்க மக்னீசியப் பொடியைக் கொளுத்துவார்கள். பளீரென்று வெளிச்சம், புகை, திடுக்கிட்ட முகங்கள். இயல்பான முகம் எப்படிக் கிடைக்கும்?

சட்டம் படித்த பெர்லின்காரர் எரிக் சாலமன் 1928இல் இந்தக் கேமராவைத் தொப்பிக்குள் மறைத்து, கொலை வழக்கு நடந்த நீதிமன்றத்தைப் படமெடுத்தார். ஃபிலிம் சுருள் கிடையாது. நாலரைக்கு ஆறு சென்டிமீட்டர் கண்ணாடித் தகடுகள், ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். துளை அகலமாக இருப்பதால் ஃபோகஸ் மயிரிழை பிசகினாலும் கண் மங்கிவிடும். இன்று பத்துப் படம் எடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் எனக்கு, அந்த ஒற்றைத் தகட்டின் பொறுமை பெரும் வியப்பு. பேச்சுவார்த்தை முற்றிய இரவுகளில் சோர்ந்து சாய்ந்த அமைச்சர்களையும் அவர் பதிவுசெய்தார்.

யூதரான சாலமன் நெதர்லாந்துக்குத் தப்பிப் போனார். நாஜிகள் அங்கும் அவரைப் பிடித்தார்கள். 1944இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்.