அவார்டு: தீர்ப்பும் பரிசும்

1960 ஏப்ரல் 1 அன்று பள்ளிப்பட்டு ஆந்திரத்திலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. திருத்தணி தாலுகாவும் பள்ளிப்பட்டுத் துணைத் தாலுகாவும் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்தன. பதிலுக்குச் சத்தியவேடு உள்ளிட்ட பகுதிகள் ஆந்திரத்துக்குப் போயின. இந்த ஏற்பாட்டைப் 'பட்டாஸ்கர் அவார்டு' என்றே சொல்லிவருகிறோம். இது எந்த அர்த்தத்தில் அவார்டு?

ஆங்கிலத்தில் இச்சொல்லின் பழைய பொருள், விசாரித்து வழங்கும் முடிவு. பரிசு என்ற பொருள் பின்னால் வந்தது. தமிழில் இவை இரு சொற்கள்: தீர்ப்பு, விருது. விருது அரசர்களின் கொடியையும் பட்டப்பெயரையும் குறித்த சொல். வழக்காடியவர் இருவர் என்ற நினைப்பு அதில் இல்லை.

அரசாங்கத்தின் அவார்டு இன்னொரு வகை. 1932இன் கம்யூனல் அவார்டு பிரிட்டிஷ் பிரதமர் மக்டொனால்டு அறிவித்தது; எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதமிருந்த பின் பூனா ஒப்பந்தம் அதன் ஒரு பகுதியை மாற்றியது. நிலம் எடுப்பில் இழப்பீட்டை நிர்ணயிக்கும் உத்தரவும் அவார்டுதான். தாலுகா ஆபீஸில் 'அவார்டு போட்டாச்சா?' என்று கேட்பவர் நிலத்தை இழப்பவர்.

பட்டாஸ்கர் 1957இல் இரு ராஜ்யங்களுக்கும் மத்தியஸ்தரானார். கிராமமே அலகு, பெரும்பான்மை மொழி, நிலத்தொடர்ச்சி என்பவை அவருடைய அளவுகோல்கள். எல்லையை மாற்றியது பாராளுமன்றத்தின் 1959ஆம் ஆண்டுச் சட்டம். ஆக அவர் தந்தது சிபாரிசு; அவார்டு என்ற சொல் அதைத் தீர்ப்பாக்கியது. பிறகு நாம் அதைப் பரிசாகவும் ஆக்கிக்கொண்டோம்: திருத்தணி கிடைத்தது, திருப்பதி கிடைக்கவில்லை.

வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்திய ம.பொ.சி.க்கு 1966இல் சாகித்ய அகாடமி அவார்டும் வந்தது. அதைப் பெற்றவர் மறுத்திருக்கவும் முடியும். பள்ளிப்பட்டின் நிலை வேறு. அது எதையும் பெறவில்லை. வழங்கப்பட்ட பொருளே அதுதான்.

பெரும்பான்மையை எண்ணி எல்லை போட்டது நியாயமே. வேறு நல்ல அளவுகோல் எளிதில் கிடைக்காது. ஆனாலும் இந்தப் பக்கம் தெலுங்கு பேசுகிறவர்களும் அந்தப் பக்கம் தமிழ் பேசுகிறவர்களும் மிஞ்சினார்கள். தீர்ப்பு என்றால் எதிர்த் தரப்பின் ஞாபகம் வரும். விருது என்கிற தொனியில் பேசும்போது அவர்கள் கண்ணில் படுவதில்லை. நம் எல்லை வரலாற்றை எழுதுகிறவர்கள் அவார்டை விட்டுவிட்டு, சிபாரிசு, சட்டம் என்று நடந்ததை நடந்தபடி எழுதுவது நல்லது.