மீன் கலப்படச் சோதனை: ஆய்வகத்திலிருந்து கரைக்கு

முன்னுரை

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம் போன்ற நெய்தல் ஊர்களில் மீனைக் கெடாமல் காத்தவை உப்பும் வெயிலுமே ஆகும். பனிக்கட்டி வந்தபின் பச்சை மீன் பெட்டிகளில் அடைக்கப்பட்டுத் தொலைவூர்களுக்குச் செல்லலாயிற்று. கரையில் செவுளைப் பார்த்தும் சதையை அழுத்தியும் மீனின் தரத்தை அறியும் வழக்கம் உண்டு. ஆயினும், மீனில் கலந்த வேதிப்பொருள் கண்ணுக்கும் கைக்கும் புலப்படுவதில்லை. அதனைக் கண்டறியும் முறைகள் வளர்ந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

சட்டமும் காலமும்

சென்னை மாகாணத்தில் 1918இல் கலப்படத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1954இல் நாடு தழுவிய சட்டம் உருவானது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் பின்னர் அதன் இடத்தைப் பெற்றது. இச்சட்டப்படி உணவுப் பகுப்பாய்வாளர் மாதிரியைப் பெற்ற 14 நாள்களுக்குள் அறிக்கை அளிக்க வேண்டும். பருப்புக்கும் எண்ணெய்க்கும் இக்கால அளவு போதுமானது. பச்சை மீனோ அதற்குள் விற்று உண்ணப்பட்டுவிடும்.

தாளும் நொதியும்

இவ்விடைவெளி 2018இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஜூனில் கேரள அரசு, 'சாகர் ராணி' நடவடிக்கையின்கீழ், ஃபார்மலின் கலந்த மீனை எல்லைச் சாவடிகளில் கைப்பற்றியது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்தின் சோதனைத்தாள் அதற்குத் துணைநின்றது. மீனின்மீது தேய்த்த தாளில் ஒரு துளி வினைப்பொருளை இட்டால், சில நிமிடங்களில் நிறமாற்றம் கலப்பைக் காட்டும்.

இத்தாள் வேதிவினையால் இயங்குவது. உயிர் உணரி இதனினும் வேறானது. 1962இல் லேலண்ட் கிளார்க் குளுக்கோசை அளக்க முன்வைத்த நொதி மின்முனையே அதன் தொடக்கம். குறிப்பிட்ட பொருளோடு மட்டும் வினைபுரியும் நொதியை மின்முனையில் பதித்து, எழும் மின்குறிப்பால் அப்பொருளின் அளவை அறிவதே இதன் அடிப்படை. ஃபார்மால்டிஹைடை ஆக்சிசனேற்றும் நொதியைக் கொண்டும் இத்தகைய உணரிகள் ஆய்வகங்களில் உருவாக்கப்பட்டுள்ளன.

அளவை அறிதல் இங்கு இன்றியமையாதது. சிலவகைக் கடல்மீன்களில், இறந்தபின் ஃபார்மால்டிஹைடு இயல்பாகவே சிறிதளவு தோன்றுகிறது. எனவே 'உண்டு' எனும் விடை மட்டும் கலப்படத்திற்குச் சான்றாகாது. எவ்வளவு உண்டு என்பதே கலப்பையும் இயல்பையும் பிரித்துக் காட்டும்.

முடிவுரை

ஐயம் பரவும்போது நுகர்வோர் எல்லா மீனையும் ஒதுக்குவர். அதனால் கலப்படம் அறியாத கட்டுமரக்காரரும் இழப்புக்கு உள்ளாவர். நிறமாற்றம் ஐயத்தை எழுப்பலாம், உறுதிசெய்யாது. ஆய்வக அறிக்கை உறுதிசெய்யும், ஆனால் காலந்தாழ்ந்து வரும். இவ்விரண்டிற்கும் இடையில் நின்று, அளவைக் கரையிலேயே கூறும் கருவி, உண்பவரின் உடல்நலத்தோடு மீனவரின் நற்பெயரையும் காக்கும் எனலாம்.