கருத்த பொருக்கை யார் பார்ப்பது?

லைம் நோய்க் கிருமிக்கு, அதைக் கண்டுபிடித்த வில்லி பர்க்டோர்ஃபரின் பெயர். நோய்க்கு ஓர் ஊரின் பெயர். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கும் அந்த லைம் ஊரில் வாழ்ந்த பாலி மர்ரியின் பெயர் எதிலும் இல்லை.

அவர் ஓவியர், நான்கு பிள்ளைகளின் தாய். 1960களிலேயே தடிப்பு, மூட்டு வீக்கம், ஓயாத களைப்பு என்று மருத்துவர் மாற்றி மருத்துவரிடம் நடந்தார். எல்லாம் மனம் செய்யும் வேலை என்று அனுப்பிவைத்தார்கள். அவர் எழுதிவைக்கத் தொடங்கினார்: யாருக்கு, எப்போது, எந்த மூட்டு. 1975இல் அவரும் ஜூடித் மென்ஷ் என்ற இன்னொரு தாயும் மாநிலச் சுகாதாரத் துறையைத் தனித்தனியே தொலைபேசியில் அழைத்த பிறகுதான் ஆய்வே தொடங்கியது. நோயறிதலுக்கு முந்தைய அந்த ஆண்டுகளை மருத்துவம் ‘தாமதம்’ என்ற ஒற்றைச் சொல்லில் கடந்துவிடுகிறது.

மீஞ்சூருக்கு லைம் வெகு தொலைவு. நம் புதர்களில் இருப்பது ஸ்க்ரப் டைபஸ். செய்தித்தாள்கள் உண்ணிக் காய்ச்சல் என்கின்றன. பரப்புவதோ மாட்டு உண்ணி அல்ல, கண்ணுக்கு எளிதில் தென்படாத வேறொரு பூச்சியின் இளம்பருவம். இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காடுகளில் இது படைவீரர்களை வீழ்த்தியபோது எண்ணி எழுதினார்கள். குளோராம்பெனிகால் இதைக் குணமாக்கும் என்பது 1948இல் மலாயாவில் தெரியவந்தது. புல்லறுக்கப் போனவளை எவரும் எண்ணவில்லை. 2024 இறுதியில் பொது சுகாதாரத் துறை எச்சரித்த மாவட்டங்களில் நம் திருவள்ளூரும் ஒன்று.

காய்ச்சல் கண்ட பெண் முதலில் ஒன்றும் செய்வதில்லை. சுக்குக் கஷாயம். பிறகு மருந்துக்கடையில் நாலு மாத்திரை. அப்புறம் தெருமுனை கிளினிக்கில் ஓர் ஊசி. (கணவனுக்கோ குழந்தைக்கோ என்றால் முதல் நாளே ஆட்டோ வந்திருக்கும்.) டெங்கு பார்க்கிறார்கள், டைபாய்டு பார்க்கிறார்கள். மூச்சு வாங்கும்போதுதான் ரயிலேறி ஸ்டான்லிக்கு.

இத்தனை நாளும் சாட்சி அவள் உடம்பிலேயே இருந்திருக்கலாம். பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கருத்த பொருக்கு. எல்லோருக்கும் வருவதில்லை, வந்தால் அதைவிட விரைவான துப்பு வேறில்லை. ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பொருள் தென்படவே ஏறக்குறைய ஒரு வாரமாகும். பொருக்கைக் கண்டவுடன் டாக்சிசைக்ளின் தொடங்கிவிடலாம், மலிவான மாத்திரை. கர்ப்பிணிக்கு அசித்ரோமைசின், விட்டுவிட்டால் கருவே கலையலாம். ஆனால் அந்தப் பொருக்கு வலிக்காது, அரிக்காது. அவளுக்கே தெரியாது.

வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அது உடலில் எங்கெங்கே இருந்தது என்று பதிவுசெய்திருக்கிறார்கள். பெண்களுக்கு மார்பிலும் வயிற்றிலும் அதிகம். ஆடை தோலை இறுக்குமிடத்தில் பூச்சி தங்கிவிடுகிறது: பாவாடை நாடா கட்டுமிடம், மார்பின் அடிமடிப்பு. புறநோயாளி வரிசையில் நின்றபடியே நாக்கை நீட்டிவிட்டு வருபவளிடம் அந்த இடங்களை யார் பார்ப்பார்கள்? கூச்சம் என்று அவள்மேல் பழிபோடுவது எளிது. மறைப்புக்கு ஒரு திரையும், பக்கத்தில் நிற்க ஒரு செவிலியரும், கூட ஐந்து நிமிடமும் கொடுத்துப் பார்த்துவிட்டல்லவா அதைச் சொல்ல வேண்டும்?

பாலி மர்ரி 1996இல் தன் அனுபவத்தைப் புத்தகமாக்கினார். நம் பெண்களிடம் இருப்பது மஞ்சப்பை நிறைய மருந்துச் சீட்டுகள். அவற்றில் தேதி இருக்கும், மாத்திரையின் பெயர் இருக்கும். எங்கே புல்லறுத்தாள், எந்தப் புதரோரம் ஒதுங்கினாள், எத்தனை நாள் காய்ச்சலோடு சமைத்தாள் என்பது ஒரு சீட்டிலும் இருக்காது.