கடனைத் தீர்த்த கொடை

கொடை என்றதும், மிகுந்திருப்பதை எடுத்து இல்லாதவர்க்கு அளிக்கும் செயலே நம் நினைவுக்கு வருகிறது. கொடுப்பவர் மேலே, பெறுபவர் கீழே என்னும் எண்ணமும் நாம் அறியாமலேயே அதனுள் புகுந்துவிடுகிறது. அவ்வெண்ணத்தைத் திருத்திக்கொள்ள உதவும் வாழ்வொன்றை இங்கு நினைவுகூர விழைகிறோம். இங்கிலாந்தில் மென்பொருள் தொழிலுக்கு வித்திட்டவர்களுள் ஒருவராய் விளங்கி, 2025 ஆகஸ்டு 9-ஆம் நாள் தம் 91-ஆம் வயதில் மறைந்த ஸ்டெபனி ஷெர்லி அம்மையாரின் வாழ்வே அது.

1933-இல் ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் பிறந்தபோது அவருக்கு இடப்பட்ட பெயர் வேரா புக்தால். தந்தை யூதர், நீதிபதி. நாசி ஆட்சி அவரது பதவியைப் பறித்தது. குடும்பம் வியன்னாவுக்குப் பெயர்ந்தது. அங்கும் அடைக்கலம் நிலைக்கவில்லை. 1939 ஜூலையில், ஐந்து வயது வேராவையும் ஒன்பது வயது அக்காள் ரெனாட்டேவையும் பெற்றோர் ரயிலேற்றி அனுப்பினர். போருக்கு முந்திய ஒன்பது மாதங்களில் ஏறத்தாழ 10,000 சிறுவர்களை இங்கிலாந்து சேர்த்த 'கிண்டர்டிரான்ஸ்போர்ட்' மீட்புப் பயணங்களுள் ஒன்று அது. முன்பின் அறியாத ஆங்கிலேயத் தம்பதியர் இவ்விரு சிறுமியரையும் ஏற்று வளர்த்தனர். பெற்றோரும் உயிர் பிழைத்தனர். ஆயினும் அறுந்த பாசம் பழையபடி ஒட்டவேயில்லை. மீட்பிலும் இழப்பு உண்டு என்பதை அவர் இளமையிலேயே அறிந்தார்.

கணிதம் அவருக்கு உயிர். தாம் பயின்ற பெண்கள் பள்ளியில் அது போதிய அளவு கற்பிக்கப்படாமையால், ஆண்கள் பள்ளிக்குச் சென்று கற்றார். பதினெட்டு வயதில் லண்டன் டாலிஸ் ஹில்லில் இருந்த தபால் துறை ஆய்வு நிலையத்தில் பணியில் சேர்ந்து, மாலை வகுப்புகளில் பயின்றே பட்டம் பெற்றார். அறிவு இருந்தும், பெண் என்பதால் உயர்வுக்கு வழி அடைபட்டது. 1962-இல் ஆறே பவுண்டு முதலீட்டில், தம் வீட்டு உணவு மேசையிலேயே சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார்.

மென்பொருள் என்பது இயந்திரத்தோடு இலவசமாய் வருவது என்றிருந்த காலம் அது. அதனை விலைக்கு விற்கப் புறப்பட்டவரைக் கண்டு பலர் நகைத்தனர். தம் பெயரில் அனுப்பிய கடிதங்களுக்கு மறுமொழி வாராமையால், 'ஸ்டீவ்' என்று ஆண் பெயரில் ஒப்பமிட்டார், கதவுகள் திறந்தன! மணமாகியும் மகப்பேற்றாலும் வேலையை விட்ட பெண்களைத் தேடிச் சேர்த்தார். அவர்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே வீட்டிலிருந்தபடி தாளில் நிரல் எழுதினர். முதல் 300 பணியாளர்களுள் 297 பேர் பெண்கள். 'கான்கார்டு' விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலும் அவர்கள் உழைப்பே. பெண்களுக்கு வழிவிட எழுந்த இந்நிறுவனம், பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆண்களுக்கும் இடமளிக்க நேர்ந்தது வரலாற்றின் விந்தை.

தொழில் வளர்ந்த அதே ஆண்டுகளில் இல்லத்தில் இருள் சூழ்ந்தது. 1963-இல் பிறந்த ஒரே மகன் ஜைல்ஸ், இரண்டரை வயதளவில் கற்றிருந்த பேச்சையும் இழந்தான். கடுமையான ஆட்டிசம். பின்னர் வலிப்பும் சேர்ந்தது. வளர்ந்த மகனின் கட்டுக்கடங்காத சீற்றத்தைத் தாங்கும் வலிமையின்றித் தாயும் ஒரு காலம் மனம் நொறுங்கினார். ஜைல்ஸ் பல ஆண்டுகள் மருத்துவமனையில் வாழ்ந்தான். அவனை அங்கிருந்து மீட்டு, இல்லம் என்று சொல்லத்தக்க ஓரிடத்தில் குடியமர்த்தவே அவரது முதல் பெரும் அறப்பணி பிறந்தது. 'கிங்வுட்' என்னும் அவ்வமைப்பின் அரவணைப்பில் முதலில் குடியேறியவன் அவனே. 1998-இல், 35 வயதில், அவன் மறைந்தான்.

மகன் மறைந்ததும் கொடை நின்றிருக்கலாம், நிற்கவில்லை. மறு ஆண்டே ஆட்டிசம் உடைய சிறுவர்க்கான பிரையர்ஸ் கோர்ட் பள்ளி திறக்கப்பட்டது. பிறகு அந்நிலையின் காரணங்களை ஆராய 'ஆட்டிஸ்டிகா' உருவானது. 2001-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் இணையத்தின் சமூக விளைவுகளை ஆராயும் நிறுவனம் அவரது நன்கொடையால் எழுந்தது. இவற்றுக்கெல்லாம் முன்பே, நிறுவனப் பங்குகளில் ஒரு பகுதியைத் தம் விலையில்லாக் கொடையாகவே பணியாளர்க்குப் பகிர்ந்திருந்தார். அதனால் 70 பேர் பவுண்டில் இலட்சாதிபதிகள் அல்ல, பத்து இலட்சத்திற்கு மேல் உடையோர் ஆயினர். அவர் அறப்பணிகளுக்கு ஈந்தது ஏறத்தாழ ஏழு கோடி பவுண்டு. 1986-இல் தொடங்கிய அறக்கட்டளையையும் என்றென்றும் தம் பெயர் விளங்கக் காத்துவைக்காமல், நிதி முழுவதையும் செலவிட்டு 2018-இல் மூடினார்.

இத்தனையும் எதற்காக? காப்பாற்றப்பட்ட தம் உயிர், காப்பாற்றியதற்குத் தகுதியுடையதாய் அமைய வேண்டும் என்பதே அவர் பலமுறை கூறிய காரணம். அன்று நிலையத்தில் சிறுமியை ஏற்றுக்கொண்டோர் அவளிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. அக்கடனை அவர்களிடமே திருப்பித் தரவும் இயலாது. எனவே அது வேறு குழந்தைகளிடம் சென்று சேர்ந்தது.

நாமும் எண்ணிப் பார்ப்போம். நமக்குக் கல்வி தந்தோர், பசித்தபோது சோறிட்டோர், பெயரே தெரியாத எத்தனையோ பேர்! அவர்களுள் பலருக்கு இனி நன்றி சொல்லவும் முடியாது. ஆனால் பேச இயலாத பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, கூட்டத்துள் வரக் கூசி ஒதுங்கி நிற்கும் தாயொருத்தி நம் அருகில் இருக்கக்கூடும். நம் கடனைப் பெற்றுக்கொள்ள உரியவர் அவரே அன்றோ?