ஆட்வேர் என்னும் விளம்பர நிரல்

ஆட்வேர் என்பது கணினியில் இடம்பிடித்துக்கொண்டு, கேட்காத விளம்பரங்களைக் காட்டியும் தேடல்களை வேறு தளங்களுக்குத் திருப்பியும் தன்னை உருவாக்கியவருக்குக் காசு சேர்க்கும் நிரல். எழுத்தில் இதை விளம்பர நிரல் என்றும் விளம்பர மென்பொருள் என்றும் சொல்கிறார்கள். பேச்சில் அந்தப் பெயர்களுக்கு இடமில்லை. உதகை கமர்ஷியல் சாலையிலோ குன்னூர் பெட்போர்டிலோ பழுதுபார்க்கும் கடைக்கு மடிக்கணினியைத் தூக்கி வருபவர் "வைரஸ் ஏறிடுச்சு" என்பார்; அல்லது "நெட்டைத் தொறந்தாலே என்னென்னமோ வருதுங்க" என்பார்.

வைரஸ் யாரையும் கேட்காமல் பரவும். ஆட்வேர் பெரும்பாலும் வீட்டுக்காரரின் சம்மதத்தோடுதான் வருகிறது. வேறொரு மென்பொருளை நிறுவும்போது படிக்காமல் அழுத்திய 'நெக்ஸ்ட்' பொத்தானே அந்தச் சம்மதம். இதைப் பிடிப்பதிலும் தண்டிப்பதிலும் உள்ள சிக்கல் எல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

தோற்றம்

1990களின் இறுதியில் இலவச மென்பொருள் எழுதியவர்கள் செலவை ஈடுகட்ட ஓரத்தில் ஒரு விளம்பரப் பட்டையை வைத்தார்கள். அதுவரை நியாயமான ஏற்பாடுதான். கேட்டர் என்ற அமெரிக்க நிறுவனம் கடவுச்சொற்களை நினைவில் வைத்துத்தரும் கருவியைக் கொடுத்துவிட்டு, பயனர் எந்தத் தளங்களுக்குப் போகிறார் என்று பார்த்து அதற்கேற்ற விளம்பரங்களைத் திரையில் விரித்தது. 2003இல் கிளாரியா என்று பெயர் மாற்றிக்கொண்டும் கெட்ட பெயர் போகவில்லை. ஜாங்கோ என்ற இன்னொரு நிறுவனம் 2006இல் அமெரிக்க வணிக ஆணையத்திடம் 30 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது, 2009இல் மூடியது. நிறுவனங்கள் மூடினாலும் தொழில் நிற்கவில்லை. பிறர் எழுதிய நல்ல மென்பொருளைத் தன் பொட்டலத்தில் சுற்றி, கூடவே நாலு நிரலைச் செருகித் தருவது அதன் அடுத்த வடிவம். பெயர் பெற்ற தரவிறக்கத் தளங்களே இதைச் செய்தன. 2011இல் வலையமைப்புகளை ஆராய உதவும் என்மேப் கருவியை எழுதியவர் இதை எதிர்த்துப் பகிரங்கமாகக் குரல் எழுப்பினார். 2015இல் ஜிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருளுக்கும் அதுவே நேர்ந்தது.

கடையில் வாங்கிய புதுக் கணினியிலேயே இது இருந்ததும் உண்டு. 2014இன் பின்பகுதியில் விற்பனையான லெனோவோ மடிக்கணினிகள் சிலவற்றில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர நிரல் முன்கூட்டியே நிறுவப்பட்டிருந்தது. வங்கித் தளங்கள் போன்ற பாதுகாப்பான பக்கங்களுக்குள்ளும் விளம்பரம் செருகுவதற்காக அது தன் சொந்தப் பாதுகாப்புச் சான்றிதழைக் கணினியில் வைத்தது. எல்லாக் கணினிகளிலும் ஒரே சாவி. அந்தச் சாவி வெளியே தெரிந்ததும் பொது வைஃபையில் யாரும் இந்தக் கணினிக்காரர்களை ஏமாற்றலாம் என்ற நிலை வந்தது. நிரலை நீக்கிய பிறகும் சான்றிதழ் கணினியிலேயே தங்கிவிட்டது.

இந்தியாவில்

2017 ஜூனில் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான செக் பாயின்ட் ஃபயர்பால் என்ற நிரலைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. பெய்ஜிங்கைச் சேர்ந்த ராஃபோடெக் என்ற விளம்பர நிறுவனம் பரப்பிய இது, உலாவியின் முகப்புப் பக்கத்தையும் தேடுபொறியையும் மாற்றி, தேடல்களைப் போலித் தேடுபொறி வழியாக யாகூவுக்கோ கூகுளுக்கோ அனுப்பியது. பார்ப்பவருக்குத் தேடல் நடந்துவிட்டது போலவே இருக்கும். நடுவில் ஒருவர் சுங்கம் வசூலித்திருப்பார். உலகில் 25 கோடி கணினிகள், அதில் இந்தியாவில் மட்டும் 2.53 கோடி என்று செக் பாயின்ட் கணக்கிட்டது. வேறெந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை. மைக்ரோசாஃப்ட் இந்தக் கணக்கை ஏற்கவில்லை. பாதிப்பு மிகைப்படுத்தப்பட்டது என்றது. எண்ணிக்கையில் சண்டை இருந்தாலும் இந்திய வீடுகள் இந்தத் தொழிலுக்கு நல்ல சந்தை என்பதில் இரு தரப்புக்கும் மாற்றுக் கருத்து இருந்ததாகத் தெரியவில்லை.

அதே 2017 பிப்ரவரியில் இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு சைபர் சுவச்தா கேந்திரா என்ற மையத்தைத் தொடங்கியிருந்தது. அதன் தளத்தில் தீநிரல் நீக்கும் கருவிகளை இலவசமாகப் பெறலாம். அவற்றைத் தரும் நிறுவனங்களில் ஒன்று சென்னையின் கே7 கம்ப்யூட்டிங். கேசவர்தனன் 1991இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் பெயரை ஒரு காலத்தில் தமிழ்நாட்டின் பிரௌசிங் சென்டர்களில் கேட்காத நாள் இல்லை.

தமிழர் வீட்டுக்கு வரும் வழி

பொதுவாகச் சொல்லப்படும் வழிகள் திருட்டுப் படத் தளம், கிராக் செய்த மென்பொருள், இலவச விளையாட்டு. இவை எந்த ஊருக்கும் பொருந்தும். தமிழ் வீடுகளுக்கு இன்னொரு தனி வழி இருக்கிறது, அது எழுத்துரு. அரசு அலுவலகம் அனுப்பிய கோப்பு வானவில் எழுத்துருவில் இருக்கும். ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு செய்து வாங்கியது பாமினியில் இருக்கும். வீட்டில் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும். உடனே எழுத்துருவைத் தேடுவார்கள். வந்த பக்கத்தில் பச்சையாக மூன்று 'டவுன்லோட்' பொத்தான்கள் இருக்கும். இரண்டு விளம்பரம், ஒன்று உண்மை. உண்மையானதுதான் எப்போதும் சிறியது. இறங்கும் கோப்பின் பெயர் இ.எக்ஸ்.இ. என்று முடிந்தால் அது எழுத்துருவே இல்லை. எழுத்துருக் கோப்பு பெரும்பாலும் டி.டி.எஃப். அல்லது ஓ.டி.எஃப். என்று முடியும். தமிழில் தட்டச்சு செய்வதற்காக எதையும் இறக்க வேண்டிய தேவையும் இப்போது குறைவு. 2019 முதல் விண்டோஸ் 10இலேயே தமிழ் ஒலிபெயர்ப்பு விசைப்பலகை உண்டு. அழகி, என்.எச்.எம். ரைட்டர், இ-கலப்பை போன்றவையே பழகியவை என்றால் அவற்றை உருவாக்கியவர்களின் தளத்திலிருந்து மட்டும் எடுக்க வேண்டும்.

நீலகிரியில் இதன் கோலம்

மலையில் வீட்டுக் கணினி என்பது பெரும்பாலும் கைமாறி வந்தது. 2011இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைக்குக் கிடைத்தது. அல்லது பெங்களூருக்கோ கோவைக்கோ வேலைக்குப் போன மகன் புதிது வாங்கியதும் கோத்தகிரிப் பக்கத்து ஹட்டியில் (படகர் ஊரில்) பெற்றோரிடம் விட்டுச் சென்றது. தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்பில் ஒரு வீட்டில் இருக்கும் கணினியை நாலு வீட்டுப் பிள்ளைகள் பயன்படுத்துவார்கள். யார் எதை இறக்கினார்கள் என்பதற்குக் கணக்கு இருக்காது. மெதுவானால் மழைக்கால ஈரத்தின் மீதும் பி.எஸ்.என்.எல். இணைப்பின் மீதும் பழி விழும். ஆகவே ஆட்வேர் பல மாதம் கண்டுகொள்ளப்படாமலே இருந்துவிடும்.

அறைகளை வாடகைக்கு விடும் வீடுகளில் இதன் விலை இன்னும் நேரடியானது. 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்கள் நீலகிரிக்கு வர இ-பாஸ் கட்டாயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி வந்த இந்த ஏற்பாட்டில் கட்டணம் ஏதும் இல்லை. விருந்தினருக்காக இ-பாஸ் எடுத்துத்தருபவரின் தேடுபொறி கடத்தப்பட்டிருந்தால், அரசுத் தளத்துக்கு முன்னால் எந்தத் தளம் வரும் என்பதை ஆட்வேர் எழுதியவர்தான் தீர்மானிக்கிறார். இ-பாஸுக்குப் பணம் கேட்கும் பக்கம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை.

முதுமலைக் காட்டோரம் போகிறவர்களுக்கு உண்ணிச்செடியைத் தெரியும். 19ஆம் நூற்றாண்டில் வெளிநாட்டிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்து தோட்டத்தில் வைத்தார்கள். இன்று யானைக்கும் மானுக்கும் மேய்ச்சல் இல்லாமல் அடித்துக்கொண்டு நிற்கிறது. மேலே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் தழைக்கும். ஆட்வேரை நீக்கியவர்கள் "எடுத்தேன், மறுநாளே வந்துடுச்சு" என்று சொல்வதும் இதைத்தான்.

நீக்கும் முறை

முதலில், திரையில் வருவது உண்மையில் நிரல்தானா என்று பார்க்க வேண்டும். இன்று வீடுகளில் காணும் தொல்லையில் பெரும்பங்கு வெறும் அறிவிப்புகள். ஏதோ ஒரு தளம் "நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட 'அலோ' (அனுமதி) அழுத்துங்கள்" என்று கேட்டிருக்கும், அழுத்தியிருப்பார்கள். அதிலிருந்து திரையின் வலது மூலையில் ஓயாமல் எச்சரிக்கைகளும் ஆபாசப் படங்களும் வரும். ஆன்டிவைரஸ் பெரும்பாலும் இதைப் பிடிக்காது, ஏனென்றால் கணினியில் எதுவும் நிறுவப்படவில்லை. குரோமின் அமைப்புகளில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதிக்குப் போய், அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலில் தெரியாத பெயர்களை எல்லாம் நீக்கினால் இரண்டு நிமிடத்தில் தீரும். இதற்குக் கடையில் காசு கொடுப்பவர்கள் நிறையப் பேர்.

அதற்கும் அடங்கவில்லை என்றால் நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியலைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்க்க வேண்டும். தொல்லை தொடங்கிய நாளில் வந்தவை ஒன்றாக நிற்கும். நீக்கும்போது சில நிரல்கள் "வைத்துக்கொள்" என்ற பொத்தானைப் பெரிதாகவும் "நீக்கு" என்பதை மங்கலாகவும் காட்டும். அவசரப்படாமல் படித்து அழுத்த வேண்டும். பிறகு உலாவியின் எக்ஸ்டென்ஷன்கள். தெரியாததை நீக்கிவிட்டு, தேடுபொறியையும் முகப்புப் பக்கத்தையும் சரிசெய்து, உலாவியின் அமைப்புகளை 'ரீசெட்' செய்யலாம். நீக்கிய எக்ஸ்டென்ஷன் திரும்பி வந்தால் ஜிமெயில் கணக்கைக் கவனியுங்கள். ஹட்டியில் அப்பாவின் கணினியிலும் பெங்களூரில் மகனின் கணினியிலும் ஒரே கணக்கு ஒத்திசைவில் இருந்தால் அங்கிருந்து இங்கே வந்துகொண்டே இருக்கும். அப்போது இரண்டு இடத்திலும் ஒரே நாளில் சுத்தம் செய்ய வேண்டும்.

அடிக்கட்டை மறைந்திருக்கும் இடங்கள் சில உண்டு. உலாவியின் குறுக்குவழிச் சின்னத்தை வலச்சொடுக்கி 'பிராப்பர்ட்டீஸ்' பார்த்தால், நிரலின் பெயருக்குப் பின்னால் ஒரு இணைய முகவரி ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதை அழிக்க வேண்டும். 'டாஸ்க் ஷெட்யூலரில்' தினம் ஒரு முறை தன்னை மறுபடி நிறுவிக்கொள்ளும் வேலை பதிவாகியிருக்கலாம். வீட்டுக் கணினியின் குரோமில் "உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்று தெரிந்தால் அது அநேகமாக ஆட்வேர் வைத்த பூட்டு. சில ஆன்டிவைரஸ்களும் அந்த வரியை வரவழைக்கும் என்பதால் உடனே பயப்பட வேண்டாம். இவற்றைக் கையால் தேடத் தயங்குபவர்கள் ஆட்வ்கிளீனரைப் பயன்படுத்தலாம். மால்வேர்பைட்ஸ் நிறுவனம் 2016இல் வாங்கிய இலவசக் கருவி அது. மிகச் சிறியது, நிறுவாமலே ஓடும். சிக்னல் ஒற்றைக் கோட்டில் நிற்கும் பந்தலூர் போன்ற இடங்களுக்கு அது பெரிய வசதி. விண்டோஸில் கூடவே வரும் டிஃபெண்டரின் 'ஆஃப்லைன் ஸ்கேன்' கணினியை மறுதொடக்கம் செய்து, தீநிரல்கள் விழிக்கும் முன் தேடும். கால் மணி நேரம் பிடிக்கும். மழைக்காலத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, பேட்டரியில் சார்ஜ் இருக்கும்போது செய்யுங்கள்.

அதே வைஃபையில் உள்ள கைப்பேசிகளிலும் விளம்பரம் வந்தால் கோளாறு கணினியில் இல்லை, மோடத்தில் இருக்கலாம். 2017 ஜூலையில் தீநிரல் ஒன்று பி.எஸ்.என்.எல். மோடம்களைத் தாக்கியபோது, மாற்றப்படாத 'அட்மின்' என்ற கடவுச்சொல்தான் அதற்கு வாசலாக இருந்தது. இன்றும் அதே கடவுச்சொல்லோடு ஓடும் மோடம்கள் உண்டு. மோடத்தை மீட்டமைத்து, கடவுச்சொல்லை மாற்ற வேண்டும்.

"ஃபார்மட் அடிச்சுடலாம்" என்பது நம் ஊர்க் கடைகளின் முதல் யோசனை. ஆட்வேருக்கு அது அநேகமாகத் தேவையில்லை. அடித்த பிறகு ஏற்றப்படும் விண்டோஸ் திருட்டுப் பிரதியாகவும், அதைத் திறக்கும் கிராக் பென்டிரைவில் வந்ததாகவும் இருந்தால், விருந்தாளியை முன்வாசலில் அனுப்பிவிட்டுப் பின்வாசலில் வரவேற்றது போல ஆகும். போன புகைப்படங்கள் மட்டும் திரும்பாது.

வராமல் காக்க ஒரே ஒரு அமைப்பைச் சொல்லச் சொன்னால், விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ரெப்யூட்டேஷன் பேஸ்டு புரொடெக்ஷன்' என்ற பகுதியில் வேண்டாத செயலிகளைத் தடுக்கும் விசையைச் சொல்லலாம். 2021 ஆகஸ்ட் முதல் மைக்ரோசாஃப்ட் அதைத் தானாகவே இயக்கிவைக்கிறது. பழைய கணினிகளில் சரிபார்ப்பது நல்லது. பிள்ளைகளுக்கு நிர்வாகி உரிமை இல்லாத தனிக் கணக்கு கொடுப்பது அடுத்தது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. மாற்று தேடுவோர் கவனிக்க: அரசின் இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு, அரசு ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவான பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. பலர் அதை ஒருமுறைகூடத் திறந்ததில்லை. விண்டோஸுக்கான ஆட்வேர் லினக்ஸில் ஓடாது. ஆனால் உலாவி அறிவிப்புகளும் எக்ஸ்டென்ஷன்களும் அங்கும் வரும்.

சட்டமும் மிரட்டல் பலகைகளும்

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினியில் தீநிரல் புகுத்துவதற்கு இழப்பீடு கோர வழிசெய்கிறது. நேர்மையற்ற நோக்கம் இருந்தால் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. "அனுமதியின்றி" என்ற சொல்லில்தான் ஆட்வேர் நழுவுகிறது, 'ஐ அக்ரீ' அழுத்தியது நீங்கள் அல்லவா! 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இந்த ஓட்டையைக் கொஞ்சம் அடைக்கின்றன. நுகர்வோரை ஏமாற்றும் 13 இணைய உத்திகளை அவை தடைசெய்கின்றன. கணினியில் வைரஸ் இருப்பதாகப் பயமுறுத்திப் போலி நீக்கக் கருவியை விற்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

பயமுறுத்தும் பலகை என்பது ஆட்வேரின் கடைசிப் படி. திரை முழுக்கச் சிவப்பு, காதைப் பிளக்கும் ஒலி, மைக்ரோசாஃப்ட் பெயரில் ஒரு தொலைபேசி எண். அழைத்தால் இனிமையாகப் பேசுவார்கள், கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொல்வார்கள், பிறகு வங்கிக் கணக்கு. இந்தியாவிலிருந்தே இப்படி வெளிநாட்டவரை ஏமாற்றிய கூடங்களை 2023 அக்டோபரில் சி.பி.ஐ. 'ஆபரேஷன் சக்ரா-2' என்ற பெயரில் தேடிச் சோதனையிட்டது. மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் ஒருபோதும் தொலைபேசி எண் தருவதில்லை. அந்தப் பலகை மூடாவிட்டால் ஆல்ட்டும் எஃப்4ம் சேர்த்து அழுத்துங்கள். அதற்கும் மசியாவிட்டால் கணினியை அணைத்துவிடுங்கள். பேசி, பணமும் போயிருந்தால் இணையத்தைத் துண்டித்துவிட்டு உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் நிறுத்திவைக்க முடிந்தால்தான் திரும்பக் கிடைக்கும். அதனால் மகன் ஊரிலிருந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.